ஹில்டிங்கின் மாவு ஏன் உப்பவில்லை: ஒரு முறையான ஆய்வு

ஹில்டிங் ராஸ்க் என்ற மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. அதையும் அவர் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மால்ஷோ நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், இருபத்தாறு வருடமாக பேக்கரி நடத்துகிறவர் அவர். செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் பிசைந்து வைத்த பன் மாவு உப்பவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. ஹில்டிங் ஊற வைக்கும் நேரத்தைக் கூட்டினார். அறையின் சூட்டைக் கூட்டினார். ஈஸ்ட்டையும் பத்து கிராம் கூட்டிப் பார்த்தார். ஒரு வாரம் ஒழுங்காக உப்பியது, பிறகு பழையபடி படுத்துக்கொண்டது. சரி, ஈஸ்ட்டின் மேல் குற்றமில்லை என்று முடிவு கட்டினார். இருபத்தாறு வருட அனுபவசாலி செய்த தவறு அது ஒன்றுதான். மற்ற தவறுகளை எல்லாம் படித்தவர்கள் செய்தார்கள்.

மாவு ஆலைக்குப் போன் போட்டார். "எங்க மாவுல குறையே கிடையாது, தண்ணியப் பாருங்க" என்றார்கள். தண்ணீர் வாரியத்துக்குப் போன் போட்டார். "எங்க தண்ணியில குறையே கிடையாது, மாவப் பாருங்க" என்றார்கள். இரண்டு இடத்திலும் அவருக்கு முன்னால் பதினான்கு பேர் வரிசையில் காத்திருப்பதாக ஒரு இனிமையான குரல் சொன்னது.

வீட்டில் குன்னெல் வேறு மாதிரி பேசினாள். அவள் ஹில்டிங்கின் மனைவி. கல்லாவில் நிற்பவளும் அவள்தான்.

"இதோ பாரு ஹில்டிங். ஆஸ்பத்திரி சமையல்கட்டுல எனக்கு வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்க. செம்லா நாள் வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கும் உன் பன்னு இப்படி அப்பளமா படுத்துக் கிடந்தா கடைய மூடிருவோம். எனக்கும் முட்டி வலிக்குது."

செம்லா நாள் என்பது தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய். ஏலக்காய் போட்ட பன்னின் தலையைச் சீவி, உள்ளே வாதுமை விழுதும் மேலே குன்று போல கிரீமும் வைத்து, ஊரே ஒரே நாளில் தின்று தீர்க்கும். ஒரு பேக்கரியின் மானம் வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செவ்வாய்க்கிழமைதான் சந்திக்கு வரும். ஹில்டிங்குக்கு ஐந்து மாதம் இருந்தது.

இந்த நேரம் பார்த்து நூலகச் சுவரில் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. "உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறதா? அறிவியல் உங்கள் வாசலில்!" கீழே பல்கலைக்கழகத்தின் முறையியல் நிறுவனத்து முகவரி. இலவசம் என்றும் போட்டிருந்தது. முறையியல் நிறுவனத்தில் எதையும் ஆராய்வதில்லை, எப்படி ஆராய வேண்டும் என்பதைத்தான் ஆராய்கிறார்கள் என்பது ஹில்டிங்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பார். மனிதர் அவ்வளவு சலித்துப் போயிருந்தார்.

வாசலில் எண் சீட்டு எடுத்தார். நாற்பத்தொன்று. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் பலகையில் முப்பத்தொன்பது, நாற்பது என்று முறையாக ஓடி முடிந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள்.

பேராசிரியர் சிக்ஸ்டன் லில்யெக்ரோனா உயரமான, மீசை வைத்த, மிகவும் அன்பான மனிதர். பக்கத்தில் தூவா எட்லிங் என்ற முனைவர் பட்ட மாணவி. எட்டாவது வருடமாக மாணவி. அந்த ஊரில் பேராசிரியரையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேச வேண்டும். மரியாதை எல்லாம் வாக்கியத்தின் நீளத்தில் இருக்கும்.

"சொல்லு ஹில்டிங், உன்னோடது அடிப்படை ஆராய்ச்சியா, பயன்பாட்டு ஆராய்ச்சியா?"

"பன்னு உப்ப மாட்டேங்குது."

"அது சரி. பன் ஏன் உப்புதுங்கற அறிவு, அறிவுக்காகவே வேணுமா? இல்ல, உனக்கு ஏதாவது உபயோகத்துக்காக வேணுமா?"

"விக்கறதுக்கு வேணும்."

பேராசிரியரின் முகத்தில் லேசான வருத்தம் படர்ந்தது. தூவா 'பயன்பாட்டு' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

"சரி, உன் கருதுகோள் என்ன?"

"அப்படின்னா?"

"மாவு ஏன் உப்பலைன்னு நீ நினைக்கற?"

"அது தெரியாமத்தானே வந்தேன்."

பேராசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து ஜன்னலருகே போனார். தூவா பேனாவை மூடி வைத்தாள். அவர் ஜன்னலருகே போனால் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"நம்ம ஜனங்களோட பெரிய குறையே இதுதான். கேள்வியோட வந்துடறாங்க, கருதுகோளோட வர்றதில்ல. கேள்விய யார் வேணும்னாலும் கேட்கலாம், குழந்தைகூட கேட்கும். அதுக்கா பல்கலைக்கழகம்? எங்க நிறுவனம் பத்தொன்பது வருஷமா நடக்குது. இதுவரைக்கும் ஒரு தப்பான பதில் நாங்க சொன்னது கிடையாது. ஏன்? பதிலே சொன்னது கிடையாது. அந்தத் தூய்மைய நாங்க கட்டிக் காப்பாத்திட்டு வர்றோம்."

பிறகு ஹில்டிங்குக்கு ஒரு கருதுகோளை அவரே இரவல் கொடுத்தார். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அதாவது, ஹில்டிங்கின் மாவில் ஒரு கோளாறும் இல்லை.

"ஆனா கோளாறு இருக்கே" என்றார் ஹில்டிங்.

"இல்லைன்னு வச்சுக்குவோம். வச்சுக்கிட்டு, அத நம்ப முடியலைன்னு காட்ட முயற்சி பண்ணுவோம். முடியலைன்னா, உன் மாவு நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. நல்லால்லைன்னு சொல்ல முடியலைன்னு அர்த்தம். புரியுதா?"

அதற்குள் மணி மூன்றாகிவிட்டது. மூன்று மணி என்றால் காபி. கட்டடம் முழுவதும் எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனது. ஹில்டிங் முப்பத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். பதினேழாம் பக்கத்தில், ஆய்வு முடியும் ஏப்ரல் முப்பது வரை பேக்கரியில் மாவு, தண்ணீர், ஈஸ்ட், பாத்திரம், தராசு, மனநிலை இவற்றில் எதையும் மாற்றக் கூடாது என்றிருந்தது.

"மனநிலையுமா?" என்றாள் குன்னெல்.

"அதுவும் ஒரு மாறியாம்."

முதலில் விவரண ஆராய்ச்சி. ஏன் என்று கேட்கக் கூடாத கட்டம் அது. என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு உதவியாளர்கள் ஆறு வாரம் தினமும் காலை நான்கு மணிக்கு வந்து, மாவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை விவரித்தார்கள். "மாவு தட்டையாக உள்ளது." பத்து நிமிடம் கழித்து, "மாவு தொடர்ந்து தட்டையாக உள்ளது." இப்படி நானூறு பக்கம் சேர்ந்தது. ஒருவர் "சோர்வாக உள்ளது" என்று எழுதிவிட்டார். அது மாவைப் பற்றிய விவரமா, எழுதியவரைப் பற்றியதா என்று இரண்டு கூட்டம் நடந்தது.

பிறகு பண்புசார் ஆராய்ச்சி. தூவா ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்து, கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"மாவு உப்பாதப்போ உனக்கு எப்படி இருக்கு?"

"எரிச்சலா இருக்கு."

"அந்த எரிச்சல் உன் உடம்புல எந்த இடத்துல இருக்கு?"

ஹில்டிங் யோசித்துப் பார்த்து, முதுகு என்றார். அது உண்மைதான், ஆனால் முதுகு எரிச்சலுக்கு முன்பிருந்தே இருந்தது.

"வேற ஏதாவது சொல்லணும்னு தோணுதா? எதுவா இருந்தாலும் பரவால்ல."

"வேறன்னா... முன்னாடி ஒரு பெட்டி ஈஸ்ட் ரெண்டு வாரம் வரும். இப்போ மூணு வாரத்துக்கு மேல வருது. குன்னெல், கம்பெனிக்காரன் பெட்டியப் பெருசாக்கிட்டான் போலங்கறா."

தூவா கேள்வித்தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அந்தக் கேள்வி தாளில் இல்லை. தாளில் இல்லாததைக் கேட்டால் நேர்காணலின் வகை மாறிவிடும்; மாறினால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும்; அனுமதிக்கு ஏழு வாரம். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ஹில்டிங் சொன்னது 'தனிநபர் அனுபவம், சரிபார்க்கப்படாதது' என்ற தலைப்பில் ஒன்பதாம் பின்னிணைப்பில் போய்ச் சேர்ந்தது. அதை இன்றுவரை யாரும் திறந்து படித்ததில்லை.

நவம்பர் முழுவதும் அறநெறிக் குழு. ஈஸ்ட் உயிருள்ளது அல்லவா என்று ஒரு தத்துவப் பேராசிரியர் கேட்டார். உயிருள்ளது என்றால், ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டே, அதை அதனிடம் யார் சொல்வது? நான்கு வாரம் விவாதித்து, ஊற வைக்கும் அறைச் சுவரில் உரிமைகளை எளிய நடையில் எழுதி ஒட்டிவைப்பது என்று தீர்மானித்தார்கள். ஹில்டிங் ஒட்டினார். ஈஸ்ட் ஏற்கெனவே விலகிக்கொண்டுவிட்டது போலத்தான் அவருக்குத் தோன்றியது.

டிசம்பரில் அளவுசார் ஆராய்ச்சி தொடங்கியது. அளப்பதற்கு முன் அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது முறை. ஹில்டிங் ஈஸ்ட் நிறுக்கும் சின்ன மின் தராசு ஒன்று இருந்தது. ஆகஸ்டில் ஒருமுறை அலமாரியிலிருந்து கீழே விழுந்ததைத் தவிர, எட்டு வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காத தராசு. தூவா முற்றத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, அதை இருநூறு தடவை நிறுத்தாள். இருநூறு தடவையும் நூற்று அறுபத்தாறு கிராம்.

பேராசிரியரே நேரில் வந்துவிட்டார். தராசைக் கையில் எடுத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இருநூறு தடவை! ஒரே எண்! பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு நம்பகத்தன்மைய நான் பார்த்ததில்ல. எங்க ஆட்கள்ட்டயே கிடையாது. என்கிட்ட ஒரு கேள்விய ரெண்டு தடவை கேட்டா ரெண்டு பதில் வரும்."

தூவா மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "சிக்ஸ்டன், அந்தக் கல்லோட உண்மையான எடை நூத்தி அறுபத்தாறுதானான்னு..."

"அது ஏற்புடைமை, தூவா. நாம இப்போ பாக்கறது நம்பகத்தன்மை. எப்பவும் ஒரே எண்ணைச் சொல்றது நம்பகத்தன்மை. சரியான எண்ணைச் சொல்றது ஏற்புடைமை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஏற்புடைமை மூணாவது மாடி."

"மூணாவது மாடியில அதப் பாக்கற ஓசா குழந்தை பிறந்த லீவுல இருக்கா. அக்டோபர்லதான் வருவா."

"அப்போ அக்டோபர்ல பாப்போம்."

ஹில்டிங்குக்கு இந்தப் பேச்சு எதுவும் பிடிபடவில்லை. தன் தராசை நல்ல தராசு என்று படித்தவர் ஒருவர் சொன்னது மட்டும் பிடிபட்டது. நான்கு மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அன்று மாலை தராசை ஈரத்துணியால் துடைத்து வைத்தார். நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜனவரியில் சோதனை ஆராய்ச்சி. வாடிக்கையாளர்களைக் குலுக்கல் சீட்டு மூலம் எழுமாற்றாக இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். சீட்டில் ஒற்றைப்படை எண் வந்தவருக்கு ஹில்டிங்கின் பன். இரட்டைப்படை வந்தவர் கட்டுப்பாட்டுக் குழு. அவருக்குப் பன்னைப் போலவே இருக்கும், ஆனால் பன் அல்லாத ஒன்று. அதைக் காகிதக்கூழும் கோதுமை உமியும் சேர்த்து நிறுவனமே தயாரித்து அனுப்பியது. எது யாருக்கு என்று வாங்குகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. அதனால் குன்னெல் கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லாவில் நின்றாள். ஹில்டிங் கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே நின்று, இரண்டே நாளில் கையைச் சுட்டுக்கொண்டார். கை சுட்டது 'எதிர்பாராத விளைவு' என்ற பட்டியலில் ஏறியது.

இதில் பழைய தபால்காரர் ஆல்கொட்தான் ஹில்டிங்கை அதிகம் நோகடித்தார். மூன்று வாரம் தொடர்ந்து அவருக்கு இரட்டைப்படை எண்தான் விழுந்தது. நான்காம் வாரம் கல்லாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஹில்டிங், தப்பா நினைக்காத. இப்போ கொஞ்ச நாளா உன் பன்னு தேவலை. மெல்ல மெல்ல ஒரு திருப்தி இருக்கு."

குன்னெல் கண்கட்டுக்குள் அழுதாள். ஹில்டிங்குக்கு அது தெரியவில்லை, அவரும் கட்டியிருந்தார்.

செம்லா நாளுக்கு மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமை பெரும் பனி கொட்டி, ஈஸ்ட் கொண்டுவரும் வண்டி வரவில்லை. ஹில்டிங் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மூலைக் கடைக்கு நடந்து, வீட்டுச் சமையலுக்கு விற்கும் சின்ன ஈஸ்ட் கட்டிகளில் இருந்ததை எல்லாம் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் காகிதம் சுற்றிய சதுரக் கட்டி. காகிதத்தின் மேல் கொட்டை எழுத்தில் ஐம்பது கிராம் என்று போட்டிருக்கும். பழக்கதோஷத்தில் ஒன்றைக் காகிதத்தோடு தராசில் வைத்தார்.

எண்பத்து மூன்று.

எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். எண்பத்து மூன்று. குளிர்பெட்டியிலிருந்து பிரிக்காத அரைக் கிலோ வெண்ணெயை எடுத்து வந்து வைத்தார். எண்ணூற்று முப்பது.

ஹில்டிங் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். இத்தனை மாதமாக எண்பத்து மூன்று கிராம் என்று நினைத்து ஐம்பது கிராம் ஈஸ்ட் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். விழுந்த தராசு, நாளாக ஆக அதிகமாகப் பொய் சொல்லி, பிறகு ஒரே பொய்யில் நிலையாக நின்றுவிட்டது. கண்டுபிடிக்க ஒரு வெண்ணெய்ப் பொட்டலம் போதும். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படுத்துத் தூங்க வேண்டும் போலத்தான் இருந்தது.

குன்னெலிடம் காட்டினார். அவள் தராசையும் வெண்ணெயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இதுக்கா நான் ஒரு மாசம் கண்ணக் கட்டிக்கிட்டு நின்னேன்?"

"ஒப்பந்தம் இருக்கே. தராச மாத்தக் கூடாதுன்னு. திங்கக்கிழமை போய் முறையாச் சொல்லிட்டு வந்துடறேன்."

இப்படியும் ஒரு மனிதன். கையில் பதில் இருக்கிறது, மறுநாளே கடையை நிமிர்த்தலாம். ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறான். அந்த நாட்டில் இதற்கு நாகரிகம் என்று பெயர். குன்னெல் வேறு பெயர் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை எண் சீட்டு எடுத்து, ஆளில்லாத வரிசையில் காத்திருந்து, வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பேராசிரியரின் மேஜைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"ஹில்டிங், நீ என்ன பண்ணிட்டேன்னு உனக்குத் தெரியுதா? ஆய்வு முடியறதுக்கு முன்னாடி காரணத்தக் கண்டுபிடிச்சுட்ட."

"அதுக்குத்தானே வந்தேன்."

"காரணம் அஞ்சாவது அத்தியாயத்துல வரணும். நாம இப்போ மூணுல இருக்கோம். சரி, நீ பண்ணது என்ன? மூணே மூணு அளவீடு. மாதிரி மூணு! கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. கண்ணக் கட்டல. அதுலயும் ரெண்டு ஈஸ்ட்டு, ஒண்ணு வெண்ணெய். வேற வேற பொருள்! இத எந்த இதழ்ல போடுவாங்க?"

"பாக்கெட்டுல ஐம்பதுன்னு போட்டிருக்கே சிக்ஸ்டன்."

"அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருக்கலாம். ஆனா நம்ம தராசு இருநூறு தடவை சோதிச்ச தராசு." பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாக இருந்தது. "நான் உன்ன நம்பறேன், ஒரு மனுஷனா. ஆனா நிறுவனமா என்னால நம்ப முடியாது. உண்மைய யார் வேணும்னாலும் தடுக்கி விழுந்து பிடிச்சுடலாம். முறையா போய்ப் பிடிக்கலைன்னா அது வெறும் உண்மைதான். ஏப்ரல் முப்பது வரைக்கும் பொறுத்துக்க. எதையும் மாத்தாத."

"நாளைக்கு செம்லா நாள்."

"தெரியும். ரொம்ப நல்ல தரவு கிடைக்கும்."

தூவா அவரை வாசல் வரைக்கும் கொண்டுவிட வந்தாள்.

"அந்தக் கல்ல நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன்" என்றாள். "எங்க வீட்டுத் தராசுல நூறு கிராம்."

"எப்போ?"

"டிசம்பர்ல."

ஹில்டிங் அவளைப் பார்த்தார்.

"எட்டு வருஷம் ஹில்டிங். இது என்னோட மூணாவது தலைப்பு. முதல் ரெண்டும் கருதுகோள் சரியில்லைன்னு போச்சு. எனக்கு நாப்பது வயசாகப் போகுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தராச மாத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. தராசே இல்லாம செய்யக் கூடாதுன்னு எங்கயும் போடல. பதினேழாம் பக்கம் நான்தான் எழுதினேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹில்டிங் தராசை மேஜைமேல் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஈஸ்ட் கட்டிகளைக் காகிதம் பிரித்து எண்ணிப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். உள்ளே போகப் பயமாக இருந்தது. குன்னெல்தான் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று ரயில் நிலையம் வரைக்கும் வரிசை நின்றது. மதியம் முறையியல் நிறுவனமே திரண்டு வந்து சீட்டு எடுத்து நின்றது. பேராசிரியர் மூன்று செம்லா சாப்பிட்டார். மீசையில் கிரீமோடு ஹில்டிங்கின் தோளைத் தட்டி, "அருமை! பஞ்சு மாதிரி இருக்கு. தற்செயலா இருக்கலாம்" என்றார். ஆல்கொட் மட்டும் பாதியில் வைத்துவிட்டு, பழையதில் இருந்த அழுத்தம் இதில் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மே மாதம் தூவாவின் ஆய்வேட்டை அறையும் சடங்கு. பட்டம் தரும் முன், ஆய்வேட்டை நடுவில் துளை போட்டு, எல்லோரும் பார்க்கும்படி சுவர்ப் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். ஹில்டிங்கை அழைத்திருந்தார்கள்; நிறுவனத்தின் சுத்தியல் கணக்கெடுப்புக்குப் போயிருப்பதால் வரும்போது ஒரு சுத்தியலும் கொண்டு வரும்படி அழைப்பிதழின் கீழே எழுதியிருந்தது. கொண்டு போனார். நாற்பது தட்டில் பன்னும் கொண்டு போனார்.

காத்திருந்த நேரத்தில் ஆய்வேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது: மாவு உப்பாமைக்கான காரணம் தெளிவாகவில்லை, மேலும் ஆய்வுகள் தேவை. தன் பேக்கரியைத் தேடினார். அடிக்குறிப்பில் இருந்தது. "ஆய்வுக்கு உட்பட்ட ஒரே பேக்கரியில் பிப்ரவரி மாதம் பன்கள் உப்பிவிட்டதால், அது விலகிய புள்ளியாகக் கருதப்பட்டுத் தரவிலிருந்து நீக்கப்பட்டது."

"மன்னிச்சுரு" என்றாள் தூவா. அவள் புது உடுப்பு போட்டிருந்தாள். ஆணியைப் பிடித்து அடித்தாள். ஆணி இரண்டு தடவை வளைந்தது.

"குடு இங்க" என்று ஹில்டிங் சுத்தியலை வாங்கி, மூன்றே அடியில் இறக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை. எட்டு வருடமாக உப்பாமல் கிடந்தவள், இன்றைக்காவது எழுந்தாளே என்றிருந்தது.

பேராசிரியர் பேசினார். நிறுவனத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் கிடைத்திருக்கிறது என்றார். ஒரே பேக்கரியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்ற படிப்பினையால், மாகாணத்தின் ஒன்பது பேக்கரிகள் இதில் சேர்கின்றன. எல்லாவற்றிலும் அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக, இதுவரை பதிவான தராசுகளிலேயே மிக உயர்ந்த நம்பகத்தன்மை கொண்ட தராசை அடிப்படையாக வைத்து, ஒன்பது புதிய தராசுகளை அதற்குப் பொருந்தும்படி திருத்தி அனுப்பியாகிவிட்டது. மேடையில் வெல்வெட் துணியை விலக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள், ஆய்வு முடிந்ததும் நிறுவனம் எடுத்துப் போன ஹில்டிங்கின் தராசு இருந்தது.

ஹில்டிங் கையைத் தூக்கினார். கேள்விகளைக் காபிக்குப் பிறகு எழுத்தில் தரலாம் என்றார்கள்.

ஜூன் முதல் வாரம் கடைத் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊர் வீக்ஸ்டாடில் பேக்கரி வைத்திருக்கும் எஸ்கில். இருபத்தாறு வருடப் போட்டியாளன், நல்ல நண்பன்.

"டேய் ஹில்டிங், உனக்கு மாவு உப்பாம இருந்துச்சே, எப்படிடா சரியாச்சு? எனக்குத் திங்கக்கிழமையிலிருந்து அப்பளமா கிடக்குது."

"புதுத் தராசு வந்துச்சா?"

"வந்துச்சு. அருமையான தராசு. எப்பப் போட்டாலும் ஒரே எண்."

"அந்த எழவ தூக்கி ஆத்துல போடு. மூலைக் கடைக்குப் போய் ஐம்பது கிராம் கட்டி ஈஸ்ட்டு வாங்கு. எண்ணிப் போடு. அவ்வளவுதான்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்படிப் பண்ண முடியாதுடா. தராசு இல்லாம எதையும் போடக் கூடாதுன்னு பதினேழாம் பக்கத்துல புதுசாச் சேத்திருக்காங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். அஞ்சு வருஷம். இப்போதான் விவரணக் கட்டம் ஆரம்பிச்சிருக்கு. மாவுக்கு எதிர்ல ரெண்டு பேரு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்க, பாவம், காபி கொடுத்தேன்."

ஹில்டிங் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். பின்னால் குன்னெல் தட்டுகளை அடுக்கும் சத்தம். உள்ளே மாவு உப்பிக்கொண்டிருந்தது.

"எஸ்கில், நான் சொல்றத நல்லாக் கேளு. நான் அவங்க தரவுல இல்ல. என்னை நீக்கிட்டாங்க. நீக்கின அன்னிலேருந்து நிம்மதியா இருக்கேன். நீயும் அதுலேருந்து வெளிய வந்துரு. மாவு தன்னால உப்பும்."

மறுமுனையில் எஸ்கில் மறுபடி காகிதத்தைப் புரட்டினான். அவனும் அந்த நாட்டு மனிதன்தான். நேர்மையானவன், சொன்ன சொல் தவறாதவன்.

"நீ சொல்றது சரியாத்தான் படுது" என்றான் கடைசியில். "அதுக்கு எந்தப் படிவம் வாங்கணும்?"